வறண்ட நாட்டு மாயம்

(கோவில்பட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாயாஜாலப் படங்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். எந்தப் படத்தை எடுத்துக்கொள்வது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. விஜயா நிறுவனத்துக்காக கே.வி. ரெட்டி இயக்கிய ‘மாயா பஜார்’. 1957 மார்ச்சில் தெலுங்கிலும் ஏப்ரலில் தமிழிலும் வெளிவந்தது. அதைத் தனியாக எடுத்துப் பாராட்டுவது எளிது. அதற்கு முன்னும் பின்னும் நிற்கிற படங்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு உயரம் என்று தெரியும்.

அந்தப் படம் சொல்லும் வத்சலா கல்யாணக் கதை இந்திய சினிமாவுக்குப் பழகிப்போன கதை. மராட்டிய நாட்டில் பாபுராவ் பெயிண்டர் 1925இலேயே இதை ஊமைப்படமாக எடுத்துவிட்டார். 1935இல் ஆர். பத்மநாபன் தமிழில் எடுத்தார். அடுத்த ஆண்டு பி.வி. தாஸ் ‘சசிரேகா பரிணயம்’ என்று தெலுங்கில் எடுத்தார். 1957இல் கே.வி. ரெட்டி. மறு ஆண்டே இந்தியில் பாபுபாய் மிஸ்திரி. அதற்குப் பிறகும் எடுத்தார்கள். பீமன் மகன் கடோத்கஜன் பறந்து வந்து கல்யாணத்தைக் கலைத்து, வேறொரு கல்யாணத்தை நடத்திவைக்கும் கதை ஐம்பது அறுபது வருஷம் திரும்பத் திரும்பப் படமாகியிருக்கிறது. இன்றைய பிள்ளைகள் ஒரு மாயாஜாலக் கதையை ஏழெட்டுப் பாகமாகப் பார்க்கிறார்கள். நம் ஆட்கள் ஒரே பாகத்தை ஏழெட்டுத் தடவை எடுத்துப் பார்த்தார்கள். அந்த வரிசையில் ஜனங்கள் மனசில் தங்கியது ஒன்றுதான். 2013இல் சி.என்.என்-ஐ.பி.என். தொலைக்காட்சி இந்தியாவின் தலைசிறந்த படம் எது என்று வாக்கெடுப்பு நடத்தியபோது முதலிடத்தில் வந்ததும் அதே படம்தான்.

ஏன்? தந்திரக் காட்சிகள் என்று பலரும் சொல்வார்கள். மார்கஸ் பார்ட்லி என்ற ஒளிப்பதிவாளர் மேதை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 1958இல் இதே கதையை எடுத்த பாபுபாய் மிஸ்திரி யார் என்று பாருங்கள். பம்பாயில் தந்திரக் காட்சிக்கென்றே பேர் வாங்கியவர். கறுப்பு நூலைக் கட்டிப் பொருள்களை அந்தரத்தில் நகர்த்துவார். அதனால் அவருக்கு ‘காலா தாகா’ என்றே பட்டப்பெயர். வித்தைதான் காரணம் என்றால் அவருடைய படமும் இதற்குச் சமமாக நின்றிருக்க வேண்டும். வித்தை இரண்டு பக்கமும் இருந்தது. வேறொன்று ஒரு பக்கம்தான் இருந்தது.

அது என்ன என்பதை இந்தக் கரிசல் காட்டில் நின்றுகொண்டு சொல்வது எனக்குச் சுலபம். இங்கே உள்ளவர்களுக்கு இந்தக் கதையின் அடிவேர் தெரியும்.

மந்திரம், மாயம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டுக் கதையை மட்டும் பாருங்கள். அண்ணன் பலராமன். தங்கை சுபத்திரை. அண்ணனுக்கு ஒரு மகள், வத்சலா; தங்கைக்கு ஒரு மகன், அபிமன்யு. சின்ன வயசிலேயே, என் மகள் உன் மகனுக்குத்தான் என்று தாய்மாமன் வாக்குக் கொடுக்கிறான். வருஷங்கள் போகின்றன. தங்கை புருஷன் வீட்டார் சூதாடி நாட்டைத் தோற்றுவிட்டுக் காட்டுக்குப் போகிறார்கள். தங்கை மகனைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். வந்த இடத்தில் முகங்கள் மாறியிருக்கின்றன. மதினிக்காரி ரேவதிக்கு நொடித்துப்போன வீட்டில் பெண் கொடுக்க மனசில்லை. துரியோதனன் வீட்டிலிருந்து சம்பந்தம் பேசி வருகிறார்கள். அங்கே செல்வம் இருக்கிறது, சகுனியின் கணக்கும் இருக்கிறது. கொடுத்த வாக்கு காற்றில் போகிறது.

அய்யா, இது நம் ஊர்ப் பஞ்சாயத்தில் எத்தனை தடவை வந்திருக்கும்? மானாவாரிச் சீமையில் ஒரு வீடு நொடிக்க இரண்டு வருஷம் மழை பொய்த்தால் போதும். பருத்தி போய், கம்பு போய், காளைகளை விற்று, நிலத்தை ஒற்றி வைத்தால் முறைப்பெண்ணுக்கும் முறைமாப்பிள்ளைக்கும் நடுவில் ஒரு பெரிய சுவர் எழும்பிவிடும். நேற்றுவரை ‘மருமகனே’ என்று வாய்நிறையக் கூப்பிட்டவர் இன்றைக்குப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். மாயா பஜாரின் மாயம் தொடங்கும் இடம் இந்த அவமானம்தான். அது ஓர் ஏழைச் சொந்தக்காரனுக்கு நேர்ந்த அநியாயத்திலிருந்து முளைக்கிற மாயம். அதனால்தான் அந்தப் படத்தில் கட்டில் பறந்தாலும் மாளிகை முளைத்தாலும், எதற்காக என்று நாம் கேட்பதில்லை.

இதே விஜயா நிறுவனமும் இதே கே.வி. ரெட்டியும் 1951இல் கொடுத்த ‘பாதாள பைரவி’ இன்னும் உயர்ந்தது என்று சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். நல்ல படம். 1952இல் நடந்த இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் தென்னாட்டின் சார்பில் திரையிடப்பட்ட படம் அது. ரங்காராவின் மந்திரவாதி வேஷத்தை மறக்க முடியாது. ஆனால் அங்கே தோட்டக்காரன் மகன் அரசகுமாரிக்கு ஆசைப்படுகிறான், கேட்டதைத் தரும் பதுமை கிடைக்கிறது, ஆசை நிறைவேறுகிறது. மந்திரம் ஒருவனுடைய ஆசைக்கு வேலை செய்கிறது. மாயா பஜாரில் கடோத்கஜனுக்குத் தனக்கென்று ஓர் ஆசையும் இல்லை. தம்பி அபிமன்யுவுக்கு நடந்த அநியாயத்தைக் கேட்டுத் துடிக்கிறான். இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கதைக்கும் நம் பக்கத்துக்கும் ஓர் ஒட்டு உண்டு. வியாசர் பாரதத்தில் வத்சலா கிடையாது. ஜனங்கள் உண்டாக்கிய பெண் அவள். தமிழில் அவளுக்குச் சுந்தரி என்று பேர். ‘அபிமன்னன் சுந்தரி மாலை’ என்ற கதைப்பாடல் பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சாகிக் கிராமம் கிராமமாகப் படிக்கப்பட்டது. அதை மேடைக்குக் கொண்டுவந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிக்குப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர். தம் பாலர் சபையில் சிறுவனாக இருந்த டி.கே. சண்முகம் அபிமன்யுவாக நடிப்பதற்காக ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் பாட்டும் வசனமுமாக எழுதி முடித்தார் என்று சண்முகமே தம் நாடக வாழ்க்கை நூலில் பதிந்திருக்கிறார். ஒரே இரவில் ஒரு நாடகம்! அந்தக் கதை அவருக்குள் முன்பே ஊறிக் கிடந்திருக்க வேண்டும். இந்தச் சீமைக் காற்றில் அது இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் படத்தை ஒரே சமயத்தில் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்தார்கள். தெலுங்கில் நாகேஸ்வரராவ் அபிமன்யு, தமிழில் ஜெமினி கணேசன். வத்சலாவாக வரும் சாவித்திரியும் கடோத்கஜனாக வரும் ரங்காராவும் என்.டி. ராமாராவும் இரண்டிலும் உண்டு. தமிழில் சகுனி நம்பியார். துரியோதனன் வீட்டு மாப்பிள்ளையாக வருபவர் தங்கவேலு. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் இந்தக் கரிசல் கிராமங்களில் எத்தனை! இங்கிருந்து திருநெல்வேலி சாலையில் போனால் இடைசெவல். அந்த ஊர் கி. ராஜநாராயணனின் வீட்டு மொழி தெலுங்கு; அவர் எழுதிய தமிழைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1976இல் வந்த ‘கோபல்ல கிராமம்’ நாவலில், பெண்ணொருத்தியின் மானம் காக்கத் தெலுங்குச் சீமையை விட்டுத் தெற்கே ஓடிவருகிற ஒரு கூட்டத்தின் கதையைச் சொன்னார். ஆற்றைக் கடக்க வழியில்லாமல் நிற்கும் அந்த ஜனங்களுக்கு ஒரு மரம் வளைந்து கொடுக்கிறது. அங்கேயும் மாயம் எப்போது வருகிறது பாருங்கள். எல்லா வழியும் அடைபட்ட பிறகு வருகிறது. துன்பப்படுகிறவர்கள் பக்கம் வருகிறது. கி.ரா.வின் பாட்டிமார் சொன்ன கதைக்கும் கே.வி. ரெட்டியின் படத்துக்கும் தர்மம் ஒன்றுதான்.

அது தற்செயல் இல்லை. கே.வி. ரெட்டி பிறந்தது அனந்தப்பூர் ஜில்லாவின் தாடிபத்திரி. தயாரிப்பாளர் நாகி ரெட்டி கடப்பைப் பக்கம். இரண்டுமே ராயலசீமை. நம்மைப் போல வானம் பார்த்த பூமி. பஞ்சங்களின் பேரைச் சொல்லி வருஷத்தைக் கணக்கிட்ட பூமி. இந்த நாகி ரெட்டியும் கூட்டாளி சக்ரபாணியும்தான் 1947 ஜூலையில் ‘அம்புலிமாமா’வைத் தொடங்கினார்கள். மாயக்கதை குழந்தைக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை மாதாமாதம் பழகிய கைகள் அவை.

வறண்ட நாட்டுக்காரர்கள் எடுத்த படம் என்பதற்கு எனக்குள்ள பெரிய சாட்சி அந்த விருந்துக் காட்சி. ‘கல்யாண சமையல் சாதம்’ என்ற பாட்டு உங்கள் எல்லோருக்கும் தெரியும். தமிழில் எழுதியவர் தஞ்சை ராமையாதாஸ், பாடியவர் திருச்சி லோகநாதன். துரியோதனன் வீட்டாருக்காகச் சமைத்து அடுக்கிவைத்த பண்டங்கள் முன்னால் ரங்காராவ் உட்காருகிறார். லட்டுகள் தாமாகவே எழுந்து வாய்க்குள் போகின்றன. அண்டா அண்டாவாகச் சோறு காலியாகிறது. இதைப் பார்த்துக் குழந்தைகள் சிரிப்பார்கள், பெரியவர்களும் சிரித்தார்கள். ஆனால் 1957இல் இந்தப் பக்கத்து டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து பார்த்தவர்கள் யார்? கம்மங்கஞ்சியும் சோளச்சோறும் குதிரைவாலியும் அன்றாடச் சாப்பாடாக இருந்தவர்கள். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கல்யாண வீட்டுக்கும்தான். அவர்கள் கண்முன்னே ஒருவன் மலை மலையாக நெல்லுச்சோற்றைச் சாப்பிடுகிறான். யாரும் அவன் கையைப் பிடிக்கவில்லை. பந்தியில் கடைசி இலைக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்தக் காட்சி என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அது பேராசைக்காரன் சாப்பாடு இல்லை. பணக்காரச் சம்பந்தி வீட்டார் உட்காரும் முன்னால், காட்டிலிருந்து வந்த சொந்தக்காரன் ஒருவன் முதல் பந்தியில் உட்கார்ந்து முழுசாகச் சாப்பிட்டுவிட்டான்.

கி.ரா.வின் இடைசெவலிலேயே பிறந்த கு. அழகிரிசாமி, பசித்த வீட்டில் இருந்துகொண்டு விருந்தாளியைக் கவனிக்கும் மனசை ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் எழுதினார். அந்தக் கதையையும் இந்தக் காட்சியையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டும் சோற்றைப் பற்றியவை, இரண்டுமே மரியாதையைப் பற்றியவை.

இனி சாவித்திரி. இந்தப் படத்தின் மிகப் பெரிய மாயம் கேமராவில் நடந்ததல்ல, அந்த அம்மாவின் உடம்பில் நடந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தூங்கிக்கொண்டிருக்கும் வத்சலாவைக் கட்டிலோடு தூக்கிப் போய்க் காட்டில் அபிமன்யுவோடு சேர்த்துவிட்டு, அவள் உருவத்தைக் கடோத்கஜன் எடுத்துக்கொள்கிறான். உருவம் மாறுவது ஒரு நொடித் தந்திரம். யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதற்குப் பிறகு ஏறக்குறைய படத்தின் கடைசிப் பகுதி முழுவதும், பெண் வேஷத்தில் இருக்கிற அரக்கனாக ஒரு பெண் நடிக்க வேண்டும். நாணிக் கோணி நிற்கிற முகத்தில் திடீரென்று ஒரு முறுக்கு வரும். கொஞ்சலுக்கு நடுவில் கண் உருளும். பெண்குரல் பாடிக்கொண்டிருக்கும்போதே ஆண்குரல் புகும், அதற்கு ஏற்ப தோளும் நடையும் மாறும், மறுபடி குழைவு. மணவறையில் மாப்பிள்ளை தங்கவேலுவின் காலை மிதிக்கிற மிதியில் ரங்காராவின் எடை தெரியும். சாவித்திரிக்கு அப்போது இருபது வயசை ஒட்டித்தான். பாய்ஸ் கம்பெனி காலத்தில் ஆண்பிள்ளைகள் பெண்ணாக நடித்து உலகத்தை மயக்கினார்கள். அந்த மரபையே திருப்பிப் போட்டு, பெண்ணாக வேஷம் போட்ட ஆணை ஒரு பெண் நடித்துக் காட்டிவிட்டாள். அதற்குச் சமமாக ஒரு நடிப்பை நம் புராணப் படங்கள் எதிலும் நான் பார்க்கவில்லை. இன்றைக்குக் கம்ப்யூட்டரில் ஓர் உருவத்தை இன்னொன்றாக உருக்கிக் காட்டலாம். உருக்கிய பிறகு அந்த உருவத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று காட்ட நடிகர் வேண்டும்.

படத்தில் பாண்டவர்கள் ஐவரும் வருவதே இல்லை. மகாபாரதக் கதையை எடுத்து, அதில் தர்மனையும் பீமனையும் அர்ச்சுனனையும் காட்டாமல் மூன்று மணி நேரம் ஓட்டுவதற்குப் பெரிய துணிச்சல் வேண்டும். அவர்கள் காட்டில் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். அவர்கள் இல்லாத வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் என்ன பாடுபடுகிறார்கள் என்பதுதான் கதை. ஆண்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்ட பஞ்ச காலத்துக் கரிசல் வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

இன்னும் முக்கியமானது, படத்தில் ஒரு சாவு இல்லை. கடோத்கஜன் கதாயுதத்தோடு துவாரகையை நொறுக்கப் புறப்படுகிறான். அம்மா இடும்பியும் சித்தி சுபத்திரையும் தடுக்கிறார்கள். பிறகு நடப்பது எல்லாம் விளையாட்டு. ஒரே ராத்திரியில் மாய நகரம் எழும்புகிறது, கடைத்தெரு முளைக்கிறது. அதில் வந்து இறங்கிய கௌரவர் கூட்டம் கம்பளத்திலும் கட்டிலிலும் மாட்டிக்கொண்டு முழிக்கிறது. ஏறி நிற்பவரை உண்மை பேசவைக்கும் பெட்டியில் சகுனி ஏறுகிறான். உள்ளே ஒளித்துவைத்த சூதெல்லாம் அவன் வாயாலேயே சபையில் கொட்டுகிறது: இந்தக் கல்யாணமே யாதவர்களைத் தங்கள் பக்கம் இழுக்கத்தான் என்று. ரத்தம் சிந்தாமல், ஒரு பொய்யனை உண்மை பேசவைப்பதன் மூலமே நியாயம் கிடைக்கிறது. இதைவிடக் கடுமையான தண்டனை எந்த மாயாஜாலப் படத்திலும் வில்லனுக்குக் கிடைத்ததில்லை.

இப்போது பாரதம் கேட்டு வளர்ந்தவர்களின் மனசை நினைத்துப் பாருங்கள். அபிமன்யுவும் கடோத்கஜனும் காட்டில் ஒருவரை ஒருவர் தெரியாமல் மோதிப் பின் அண்ணன் தம்பி என்று தெரிந்து தழுவிக்கொள்கிறார்கள். பார்க்கிற நமக்கு மேற்கொண்டு நடக்கப்போவது தெரியும். குருட்சேத்திரத்தில் பதின்மூன்றாம் நாள் தம்பி சக்கர வியூகத்துக்குள் விழுவான். பதினான்காம் நாள் ராத்திரி கர்ணன் எறியும் சக்தியில் அண்ணன் விழுவான். ஒரு நாள் இடைவெளி. கே.வி. ரெட்டி இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை. ஜனங்கள் அதைக் கூத்திலும் கதைப்பாட்டிலும் அழுதாயிற்று. சாகப் போகிற இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு கல்யாண வீட்டுச் சந்தோஷத்தை அவர் கொடுத்துவிட்டார். இந்த ஆழம் மற்றப் பதிப்புகளுக்குக் கிடையாது என்று சொல்லமாட்டேன், கதையிலேயே இருக்கிறது அது. ஆனால் சிரிப்பை இவ்வளவு முழுசாக வைத்ததனால்தான் இங்கே அது அடியில் ஓடுகிறது.

உலக சினிமாவிலும் இதற்கு ஒரு துணைச் சாட்சி உண்டு. இங்குள்ள இளைஞர்கள் ஹாரி பாட்டர் படங்களைப் பார்த்திருப்பீர்கள். 2001 முதல் 2011 வரை எட்டுப் படங்கள். அவற்றில் மூன்றாவதை, 2004இல் மெக்சிகோக்காரர் அல்ஃபோன்சோ குவாரோன் இயக்கியதை, விமர்சகர்கள் பலர் சிறந்தது என்கிறார்கள். வெளியான காலத்தில் எட்டில் குறைவாக வசூலித்ததும் அதுவே. அதில் பெரிய எதிரி வருவதே இல்லை. இறுதியில் அவனைக் கொல்லும் சண்டையும் இல்லை. அனாதைப் பையனுக்குத் தன் ஞானத்தந்தை யார் என்று தெரிகிறது. ஏரிக்கரையில் தன்னைக் காப்பாற்ற வந்தது செத்துப்போன அப்பா என்று நம்புகிறான். காலத்தில் பின்னே சென்று பார்த்தால் அந்த மந்திரத்தை ஏவியது அவனேதான். மாயம் அங்கேயும் உறவுக்காக வேலை செய்கிறது. அந்த வரிசையின் மற்றப் படங்களில் மந்திரக்கோல்கள் இன்னும் அதிகம் மின்னின. மனசில் நின்றது இதுதான். மாயா பஜாரைப் பற்றி நான் சொல்வது நம் ஊர்ப் பாசத்தால் மட்டும் சொல்வதல்ல என்பதற்காக இதைக் குறிப்பிட்டேன்.

கடைசியாக அந்த நிலவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அபிமன்யுவும் வத்சலாவும் படகில் போகும் பாட்டில், தண்ணீர் மேல் விழுகிற வெளிச்சத்தைப் பற்றி ஒளிப்பதிவு கற்றவர்கள் இன்றும் பேசுகிறார்கள். பெரும்பகுதி ஸ்டூடியோவுக்குள் பார்ட்லி உண்டாக்கிய நிலவு அது. பிற்பாடு ‘செம்மீன்’ படத்தில் கேரளக் கடலைக் காட்டியவரும் இவரே. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் எத்தனை படிகள் உண்டோ அத்தனையையும் அந்தப் படகில் பார்க்கலாம். 2010இல் தெலுங்குப் பதிப்புக்கு வண்ணம் ஏற்றித் திரும்ப வெளியிட்டார்கள். உழைப்பை மதிக்கிறேன், புதிய தலைமுறை தியேட்டருக்கு வந்தது, அதுவும் நல்லதே. ஆனால் வண்ணம் ஏறியதும் அந்த நிலவு போய்விட்டது. பார்ட்லி வைத்த விளக்குகள் வண்ணத்துக்காக வைத்தவை அல்ல.

ஆகவே இந்த மன்றத்தார்க்கு என் வேண்டுகோள்: மாயா பஜாரை இங்கே ஒருநாள் திரையிடுங்கள். கறுப்பு வெள்ளையில் திரையிடுங்கள், இடைவெட்டு இல்லாமல் முழு நீளத்துக்கும். தமிழ்ப் பதிப்பை முதல் நாளும் தெலுங்குப் பதிப்பை மறுநாளும் போட்டால் இன்னும் நல்லது. இரண்டையும் பிறர் உதவியின்றிப் புரிந்துகொள்ளக்கூடிய பெரியவர்கள் இந்த வட்டாரக் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை வண்டி வைத்து அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வையுங்கள்.